வெண்டை இலை மஞ்சளானால் முதலில் நரம்பைப் பாருங்கள்

மாடித்தோட்டக்காரர்கள் கூடிப் பேசும் இடத்தில் வாரம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "வெண்டை இலை மஞ்சளாகுது, என்ன உரம் கொடுக்கலாம்?" உடனே பதில்கள் வந்து குவியும். மண்புழு உரம் போடுங்கள், பஞ்சகவ்யா தெளியுங்கள், மீன் அமிலம் கொடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள். மஞ்சள் இலையில் எங்கே இருக்கிறது, நரம்பிலா, இரண்டு நரம்புக்கு நடுவிலா என்று மட்டும் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய வருத்தம், ஏனென்றால் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

நரம்பெல்லாம் பச்சையாக இருந்து நடுவில் உள்ள பரப்பு மட்டும் வெளிறிப்போனால் அது பெரும்பாலும் சத்துக் குறைபாடு. கொழுந்தில் முதலில் தெரிந்தால் இரும்பு, அடி இலையில் முதலில் தெரிந்தால் மெக்னீசியம் என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். இதற்கு நேர் எதிராக, நரம்புகளே மஞ்சளாகி, நடுவே பச்சைத் திட்டுகள் அகப்பட்டுக்கொண்டு நின்றால் அது மஞ்சள் நரம்புத் தேமல். வைரஸ் நோய், வெள்ளை ஈ கொண்டுவந்து விடுவது. 1924லேயே பம்பாய் மாகாணத்தில் பதிவான நோய் இது, நூறு வருடமாக வெண்டை போடுகிறவர்களை விடாமல் துரத்துகிறது. இதற்கு எந்த உரத்தைப் போட்டும் பயனில்லை, தெளித்துக் குணமாக்க மருந்தும் கிடையாது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்திவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிட்டு வெள்ளை ஈயைக் குறைத்து, அடுத்த முறை அர்கா அனாமிகா போல எதிர்ப்புத் திறனுக்காகவே உருவாக்கிய ரகமாகப் பார்த்து விதைக்க வேண்டும் (அதுவும் எல்லா இடத்திலும் முழுசாகத் தாங்கும் என்று சொல்ல முடியாது). மனசு வராமல் விட்டுவைக்கும் அந்த ஒரு செடியிலிருந்துதான் பக்கத்துத் தொட்டிக்கெல்லாம் போகும்.

சரி, ஒரே மஞ்சள் ஏன் இரண்டு விதமாக வருகிறது? இதைப் புரிந்துகொள்ள நரம்பு என்றால் என்ன என்று பார்க்க வேண்டும், அதைத்தான் இந்தப் பதிவில் கொஞ்சம் நிதானமாக எழுதப்போகிறேன்.

இலை நரம்பு ஒவ்வொன்றும் இரண்டு வகைக் குழாய்கள் சேர்ந்த ஒரு கற்றை. ஒன்று சைலம். செத்துப்போன செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே வெறும் கூடாகி, சுவரில் மட்டும் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) ஏறிக் கெட்டியாகி நிற்கும் குழாய். வேரிலிருந்து தண்ணீரும் அதில் கரைந்த தாதுச் சத்தும் இதன் வழியாகத்தான் இலைக்கு வருகின்றன. இன்னொன்று புளோயம். இது உயிருள்ள செல்களால் ஆனது, இலை தயாரித்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் கொழுந்துக்கும் கொண்டுபோவது. தண்டில் சைலம் உள்பக்கமும் புளோயம் வெளிப்பக்கமுமாக இருக்கும். அந்தக் கற்றை அப்படியே வளைந்து இலைக்குள் நுழையும்போது உள்பக்கம் மேலேயும் வெளிப்பக்கம் கீழேயும் வந்துவிடும். அதனால் பெரும்பாலான இலைகளில் தண்ணீர்க் குழாய் மேலே, சர்க்கரைக் குழாய் கீழே. அசுவினியைத் தேடும்போது இலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறோமே, வெயிலும் மழையும் படாத இடம் என்பதோடு, அதற்கு வேண்டிய சர்க்கரைச் சாறு அடிப்பக்கத்துக்குக் கிட்டத்தில் இருப்பதும் ஒரு காரணம். ஊசி போன்ற வாயை நேராகப் புளோயத்துக்குள் இறக்கிவிடும். அங்கே உள்ள அழுத்தமே சாற்றை அதன் வயிற்றுக்குத் தள்ளிவிடுகிறது. தேவைக்கு மேல் வந்த சர்க்கரையை அது பின்பக்கமாக விடுவதுதான் இலைமேல் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, அப்புறம் எறும்பு, அதற்கப்புறம் கரும்பூஞ்சாணம்.

இப்போது மஞ்சளுக்கு வருவோம். இரும்பு சைலம் வழியாக வருகிறது. குறைவாக வந்தால் நரம்பை ஒட்டியுள்ள செல்கள் முதலில் எடுத்துக்கொள்கின்றன, தள்ளி இருப்பவற்றுக்கு மிஞ்சுவதில்லை. பழைய இலையில் ஏற்கனவே தங்கிவிட்ட இரும்பைப் புளோயம் வழியாகக் கிளப்பிக் கொழுந்துக்கு அனுப்புவதும் செடிக்குச் சுலபமில்லை, அதனால் கொழுந்துதான் முதலில் வெளிறும். மெக்னீசியம் அப்படியில்லை, பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிவிட முடியும். ஆகவே அடி இலை முதலில் பலியாகும். வைரஸ் கதை வேறு. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் பெரும்பாலும் புளோயத்தையும் அதை ஒட்டிய செல்களையும் சார்ந்து பெருகுபவை, வெள்ளை ஈ அவற்றைக் கொண்டுபோய் இறக்குவதும் அங்கேதான். ஆகவே கோளாறு நரம்பிலிருந்தே ஆரம்பிக்கிறது.

இரும்புக் குறை என்று தெரிந்தால் நாட்டு மருந்துக் கடையிலோ உரக் கடையிலோ கிடைக்கும் அன்னபேதி உப்பை, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட்டை, லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்துக் கொஞ்சம் எலுமிச்சை உப்பும் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கலாம். ஆனால் போர்வெல் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் வீடுகளில் மண்ணில் இரும்பு இருந்தும் கரையாமல் கிடக்கும், வேரால் அதை எடுக்க முடியாது. அங்கே தெளிப்பது தற்காலிகம்தான், மண்ணைச் சரிசெய்யாமல் தீராது. மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

இனி தோட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இலைக்கு உள்ளே போகலாம்.

பல இலைகளின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் மேலே மெழுகு பூசிய ஒரு தோல், அதற்குக் கீழே நெருக்கமாக நெட்டுக்குத்தாக அடுக்கிய பச்சை செல்கள் (வெயில் பிடிக்கும் வேலையில் பெரும்பங்கு இவற்றுக்கு), அதற்கும் கீழே காற்று புகுந்து வர இடைவெளி விட்டு ஒழுங்கில்லாமல் கிடக்கும் செல்கள், கடைசியில் அடித்தோல், அதில் திறந்து மூடும் நுண்ணிய இலைத்துளைகள், இத்தனையும் இருக்கின்றன. நரம்புகள் இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே ஓடுகின்றன. இலைத்துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும், திறந்த நேரமெல்லாம் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவைச் சேர்த்துக்கொள்ள நெல், வெண்டை மாதிரியான செடிகள் நூற்றுக்கணக்கான மூலக்கூறு தண்ணீரை விட்டுக்கொடுக்கின்றன. அப்படி விட்டுக்கொடுக்கும் தண்ணீர் அந்த நொடியே திரும்ப வந்து சேர வேண்டும், இலையின் எந்த மூலையில் இருக்கும் செல்லுக்கும். வரத் தவறினால் துளை மூடும், துளை மூடினால் சமையல் நிற்கும். ஒரு இலை எவ்வளவு வேலை செய்ய முடியும் என்பதை வெயிலும் பச்சையமும் மட்டும் தீர்மானிப்பதில்லை, குழாய் எவ்வளவு நெருக்கமாகப் போட்டிருக்கிறது என்பதும் தீர்மானிக்கிறது. நரம்பு எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்குக் காரணமே இதுதான். அதை அழகு என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிறோம், உண்மையில் அந்தச் செடியின் உழைப்புக்கு எல்லை போடுவது அது.

கணக்கைப் பாருங்கள். பூக்கும் தாவரங்களின் இலையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் சராசரியாக 8 மில்லிமீட்டர் நீளத்துக்கு நரம்பு ஓடுகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு என்றால் 80 சென்டிமீட்டர். உள்ளங்கையில் அடங்கும் 50 சதுர சென்டிமீட்டர் இலை ஒன்றை எடுத்துக்கொண்டால், இந்தச் சராசரிப்படி அதற்குள் 40 மீட்டர் குழாய்! நம் கண்ணுக்குத் தெரியும் நடு நரம்பும் பக்க நரம்புகளும் இதில் சொற்பம், மொத்த நீளத்தில் 80 சதவீதத்துக்கு மேல் அந்த நூலிழை நரம்புகள்தான். இலைச் செல் எதுவும் ஏதோ ஒரு நரம்பிலிருந்து ஒரு தலைமுடித் தடிமனுக்கு மேல் அதிகம் தள்ளி இருப்பதில்லை.

பெரணி, ஊசியிலை மரங்கள், சைகஸ் போன்ற பூக்காத கூட்டத்தில் இதே கணக்கு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2 மில்லிமீட்டர்தான். கெவின் பாய்ஸ், டிம் பிராட்ரிப் முதலிய ஆய்வாளர்கள் 2009ல் இதை இப்போதுள்ள தாவரங்களிலும் புதைபடிவங்களிலும் அளந்து வெளியிட்டார்கள். பல பத்துக் கோடி வருடங்களாக எல்லாத் தாவரங்களும் அந்த 2 என்ற அளவைச் சுற்றியே நின்றுகொண்டிருக்க, பூக்கும் தாவரங்கள் மட்டும் அதைத் தாண்டி நாலு மடங்குக்குப் போயிருக்கின்றன. பூவும் கனியும் தேனீயும்தான் அவற்றின் வெற்றிக்குக் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதில் தப்பில்லை, ஆனால் இலைக்குள் போட்ட இந்தக் குழாய் வேலைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. நிறையத் தண்ணீர் மேலே போனால் நிறைய ஆவியாகும், காட்டின் மேல் ஈரம் கூடும். வெப்பமண்டலத்தில் இவ்வளவு மழை பெய்வதற்கே இந்த அடர்ந்த நரம்புகள் ஓரளவு காரணம் என்று பாய்ஸ் பிறகு வாதிட்டார்.

பூசணி, சுரை, பீர்க்கு வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். உச்சி வெயிலில் இலை துவண்டு தொங்கும், தொட்டியில் கை வைத்துப் பார்த்தால் ஈரமாக இருக்கும். அகலமான மெல்லிய இலையிலிருந்து தண்ணீர் போகும் வேகத்துக்கு வேரும் நரம்பும் ஈடுகொடுக்க முடியாத ஒன்றிரண்டு மணி நேரம் அது. சாயங்காலம் தானாக நிமிர்ந்துகொள்ளும். பதறிப்போய் மத்தியானம் மறுபடியும் தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைக்காதீர்கள். காலையிலேயே துவண்டிருந்தால் மட்டும் கவலைப்படுங்கள்.

நிஜமான வறட்சியில் நடப்பது வேறு. பகலில் சைலத்துக்குள் தண்ணீர் கீழிருந்து தள்ளப்பட்டு ஏறுவதில்லை, மேலே இலை இழுக்க இழுக்க ஒரே இழையாக விறைத்து ஏறுகிறது. இழுப்பு அளவு மீறினால் இழை அறுந்து அந்த இடத்தில் காற்றுக் குமிழி புகுந்துவிடும், அந்தக் குழாய் அவ்வளவுதான். டாஸ்மேனியாவில் பிராட்ரிப் குழுவினர் 2016ல் காய்ந்துகொண்டிருக்கும் இலைகளை அடியிலிருந்து ஒளி பாய்ச்சித் தொடர்ந்து படமெடுத்து, எந்த நரம்பில் எப்போது காற்று புகுகிறது என்று நேரடியாகக் காட்டினார்கள். பெரிய நரம்புகள்தான் முதலில் விழுகின்றன, மெல்லிய நரம்புகள் கடைசி வரை தாங்குகின்றன.

பெரிய நரம்பு அறுந்தால் இலை பிழைக்குமா என்ற கேள்விக்குப் பதில், அந்த இலை வலைப்பின்னலாக இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது. கிணற்றுச் சுவரில் ஈரக் கல்லிடுக்கில் முளைக்கும், விசிறி வடிவில் சின்னச் சின்ன இலையுள்ள பெரணியைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரு நரம்பு இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மறுபடி இரண்டிரண்டாகப் பிரியும், ஓரத்துக்குப் போய் முடிந்துவிடும். எங்கேயும் ஒன்றோடொன்று திரும்பச் சேராது. சீனாவின் ஜிங்கோ மரத்து இலையும் கிட்டத்தட்ட இப்படித்தான். இதற்குப் பக்கத்தில் ஒரு எலுமிச்சை இலையை வையுங்கள். பிரிந்த நரம்பு இன்னொன்றோடு சேரும், அது வேறொன்றோடு சேரும், இலை முழுக்கக் கண்ணிகள், கண்ணிக்குள் கண்ணி.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் எலேனி காடிஃபோரி, மார்செலோ மக்னாஸ்கோ குழுவினர் ஜிங்கோ, எலுமிச்சை ஆகிய இந்த இரண்டு இலைகளையும்தான் எடுத்துக்கொண்டார்கள். எலுமிச்சை இலையின் நடு நரம்பில் ஒரு ஓட்டை போட்டு, காம்பு வழியாக ஒளிரும் சாயத்தை ஏற்றினார்கள். சாயம் ஓட்டை வரை வந்தது, பக்கத்துச் சின்ன நரம்புகளுக்குள் புகுந்து ஓட்டையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் நடு நரம்பையே பிடித்துவிட்டது. ஜிங்கோவில் ஓட்டைக்கு அப்பால் உள்ள பகுதிக்குச் சாயம் போய்ச் சேரவில்லை. அவர்கள் 2010ல் எழுதியதில் முக்கியமான விஷயம் கணக்குப் பக்கத்தில் இருக்கிறது: சேதமே இல்லாமல், எல்லா இடத்திலும் எப்போதும் ஒரே அளவு தண்ணீர் தேவைப்படும் இலையாக இருந்தால், கண்ணியே இல்லாமல் கிளை கிளையாகப் பிரிந்து போவதுதான் மிகச் சிக்கனம். கண்ணி போடுவது கூடுதல் செலவு. ஆனால் புழு கடிக்கும், ஆடு மேயும், ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் கிடக்கும் என்ற நிலைமையைக் கணக்கில் சேர்த்த உடனே கண்ணிகள் தாமாகவே விடையில் வந்துவிடுகின்றன. எலுமிச்சையில் வண்ணத்துப்பூச்சிப் புழு பாதி இலையைத் தின்றுவிட்டுப் போன பிறகும் மீதிப் பாதி மாதக்கணக்கில் பச்சையாக நிற்கிறதே, காரணம் இதுதான்.

இவ்வளவு நுணுக்கமான வலையை யார் வரைகிறார்கள் என்றால், யாரும் வரைவதில்லை. ஸ்வி சாக்ஸ் என்ற இஸ்ரேலிய ஆய்வாளர் 1969ல் முன்வைத்த கருத்து இன்றுவரை அடிப்படையாக நிற்கிறது. குருத்து இலையில் ஆக்சின் என்ற ஹார்மோன் உற்பத்தியாகிக் கீழ்நோக்கிக் கசிகிறது. எந்தச் செல் வழியாகக் கொஞ்சம் அதிகம் போகிறதோ, அந்தச் செல் ஆக்சினை இன்னும் நன்றாகக் கடத்தப் பழகிக்கொள்கிறது, அதனால் இன்னும் அதிகம் அதன் வழியே வருகிறது. களத்து மேட்டில் பெய்த மழைத் தண்ணீர் தனக்குத் தானே ஓடை அறுத்துக்கொள்வது போல. கடைசியில் அந்த வழியில் உள்ள செல்களே குழாயாக மாறிவிடுகின்றன. அதனால்தான் ஒரே மரத்தில் எந்த இரண்டு இலையின் நுண்நரம்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஆனால் எல்லாமே மா இலைதான் என்று தெரிகிறது.

பெரிய நரம்புகள் இலை மொட்டாக இருக்கும்போதே போடப்பட்டுவிடுகின்றன, அப்புறம் இலை விரிய விரிய அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன. தேக்கு இலை மாதிரி பெரிதாக விரிந்தால் பெரிய நரம்புகளுக்கு இடையே தூரம் அதிகம். சிறிய இலையில் அவை நெருக்கமாகவே நிற்கும், ஒன்றில் காற்று புகுந்தாலும் பக்கத்தில் இன்னொன்று உண்டு. காய்ந்த நிலத்துச் செடிகளுக்கு இலை சிறுத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கலிஃபோர்னியாவில் லாரன் சாக் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். கருவேலத்தையும் வன்னியையும் பார்க்கும்போது, தண்ணீர் ஆவியாவதைக் குறைக்கத்தான் இவ்வளவு சின்ன இலை என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புல் இனத்துக்கு வந்தால் எல்லாம் மாறிவிடும். நெல், கரும்பு, மூங்கில், அருகு எதை எடுத்தாலும் நரம்புகள் அடியிலிருந்து நுனி வரை பக்கம் பக்கமாக ஓடும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் நரம்புகள் மிக மெல்லியவை. தென்னையும் பனையும் புல் இல்லை, ஆனாலும் ஒருவித்திலைக் கூட்டம்தான், நரம்பு இதே ஒழுங்கில்தான் ஓடும், ஓலை நீளவாக்கில் நேராகக் கிழிவது அதனால்தான். வீட்டு வாசலைப் பெருக்கும் தென்னந்துடைப்பத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஈர்க்கும் தென்னங்கீற்றின் நடு நரம்பு. கீற்றின் சதைப்பகுதியைச் சீவி எறிந்துவிட்டு நரம்பை மட்டும் கட்டி வைத்திருக்கிறோம், வருடக்கணக்கில் தேய்கிறதே தவிர ஒடிவதில்லை. லிக்னின் ஏறிய நார் எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வாழை இலை இன்னொரு ரகம். நடுவில் தடித்த தண்டு, அதிலிருந்து இரண்டு பக்கமும் நெருக்க நெருக்கமாக ஓரம் வரை ஓடும் பக்க நரம்புகள். காற்றடித்தால் இரண்டு நரம்புக்கு நடுவே கிழியும், நரம்பின் குறுக்கே கிழியாது. ஒவ்வொரு கிழிசலுக்கும் நடுத் தண்டிலிருந்து தனித்தனியாகத் தண்ணீர் வருவதால் நார் நாராகக் கிழிந்து தொங்கும் இலையும் பச்சையாகவே இருந்து வேலை செய்யும். இவ்வளவு பெரிய இலை கிழியாமல் விறைத்து நின்றிருந்தால் காற்று மரத்தையே சாய்த்துவிடும். சாப்பாட்டு இலையை மடிக்கும்போது நரம்பு ஓடும் திசையில் மடித்தால் பட்டென்று பிளப்பதும், பொட்டலம் கட்டுகிறவர்கள் பின்பக்கத் தண்டைச் சீவிவிட்டுத் தணலில் வாட்டி எடுப்பதும் எல்லாம் இந்த அமைப்பை அறிந்த கைப்பழக்கம்தான்.

ஒருவித்திலை என்றால் இணை நரம்பு, இருவித்திலை என்றால் வலை நரம்பு என்று பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். சேம்பும் வள்ளிக்கிழங்கும் (சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் இல்லை) ஒருவித்திலைதான், இலை என்னவோ நல்ல வலை.

புல்லுக்குள்ளும் ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. கரும்பு, மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு இவற்றின் இலையைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் ஒவ்வொரு நரம்பையும் பெரிய பச்சை செல்கள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும், அடுத்தடுத்த இரண்டு நரம்புக்கு நடுவே பெரும்பாலும் வேறு பச்சை செல்கள் இரண்டுதான் இருக்கும். ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர் 1880களிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார். ஏன் இப்படி என்பது 1966ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பு இலையை வைத்துத் துலக்கிய பிறகுதான் தெரிந்தது: வெளிச் செல் கரியமில வாயுவைப் பிடித்து நரம்பைச் சுற்றிய செல்லுக்குள் அனுப்பி, அங்கே அடர்த்தியாகச் சேர்த்து வைத்துச் சர்க்கரையாக்குகிறது. வெயிலிலும் வறட்சியிலும் கம்பும் சோளமும் நின்று விளைவது இதனால்தான். நெல்லுக்கு இந்த ஏற்பாடு கிடையாது, அதன் நரம்புகளுக்கு நடுவே செல்கள் அதிகம். நெல்லையும் இந்த வழிக்குக் கொண்டுவர பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 2008ல் தொடங்கிய கூட்டு முயற்சி பிறகு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து தொடர்ந்தது. நரம்பை நெருக்கமாக்குவதே முதல் படிகளில் ஒன்று, அதுவே லேசுப்பட்ட வேலையாக இல்லை. எனக்கு இந்த முயற்சி மேல் நிறைய நம்பிக்கை உண்டு, அவசரம் இல்லை.

நாற்றங்காலில் விடியற்காலையில் ஒவ்வொரு நாற்றின் நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். பனி என்று நினைப்போம். பனியாக இருந்தால் இலை முழுக்க ஈரமாக இருக்க வேண்டும், இங்கே நுனியில் மட்டும் ஒரே அளவில் ஒரே இடத்தில் நிற்கிறது. இரவில் இலைத்துளை மூடியிருக்கும்போது வேர் தள்ளும் அழுத்தத்தில் நரம்பின் முடிவில் உள்ள வாய் வழியாக வெளியே வந்த தண்ணீர் அது. தக்காளியில் இலை ஓரத்துப் பல் நுனிகளில் இதே மாதிரி வரிசையாக நிற்கும், சேம்பில் இலை நுனியில் சொட்டும். செடியின் வேர் நன்றாக இருக்கிறது என்பதற்கு நான் பார்க்கும் அடையாளங்களில் இது ஒன்று.

பூவோ காயோ இல்லாத காலத்தில் மரத்தை அடையாளம் காணவும் நரம்பு கைகொடுக்கும். நாவல் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பக்க நரம்புகள் மிக நெருக்கமாக, ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக ஓடி, ஓரத்துக்கு ஒரு இழை முன்னால் நின்று, விளிம்பை ஒட்டியே இலையைச் சுற்றி ஓடும் ஒரு நரம்பில் போய்ச் சேரும். கூடவே எண்ணெய்ச் சுரப்பிகள் புள்ளி புள்ளியாக ஒளிரும். தைலமரத்திலும் இதே ஓர நரம்பு உண்டு, இரண்டும் ஒரே குடும்பம். அதே குடும்பத்துக் கொய்யாவில் பக்க நரம்புகள் மேலே பள்ளமாகவும் கீழே மேடாகவும் விரலுக்கே தெரியும். இலந்தையில் மூன்று நரம்பு அடியிலிருந்தே கிளம்பும். பிரியாணிக்குப் போடும் நம் ஊர்ப் பிரிஞ்சி இலையிலும் நீளவாக்கில் மூன்று. ஒரே நடு நரம்பும் அதிலிருந்து பிரியும் கிளைகளுமாக இருந்தால் அது மேல்நாட்டு பே இலை, வேறு மரம், வாசனையும் வேறு. அடுத்த முறை மளிகைக் கடையில் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்.

1912ல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ராபர்ட் ஸ்காட்டும் தோழர்களும் பனியில் இறந்துபோனார்கள். நடக்கவே முடியாத நிலையிலும் அவர்கள் எறியாமல் இழுத்து வந்த சுமையில் சுமார் 16 கிலோ பாறைகள் இருந்தன. அந்தப் பாறைகளில் இருந்த நாக்கு வடிவ இலைப் படிவங்களை, நடு நரம்பும் அதிலிருந்து வளைந்து விரிந்து வலையாகும் பக்க நரம்புகளும் கொண்டவற்றை, சீவார்ட் என்ற தாவரவியலாளர் குளோசாப்டெரிஸ் என்று அடையாளம் கண்டு 1914ல் எழுதினார். நம் ஜரியா, ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகைகளில் குவிந்து கிடக்கும் அதே இலை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டிக் கிடந்தன என்பதற்கு முக்கியமான சான்றாக ஆனது ஒரு இலையும் அதன் நரம்பும்தான். அதுவும் பூக்காத தாவரம், ஆனாலும் வலை போட்டிருக்கிறது.

நீங்களே நரம்பை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டால் அரச இலையில் ஆரம்பியுங்கள், நன்றாக முற்றிய, ஓட்டை இல்லாத இலையாக. பழைய வாளியில் தண்ணீரில் மூழ்க வைத்து மூடி போட்டுவிடுங்கள் (மூடி முக்கியம், இல்லாவிட்டால் டெங்கு கொசு வந்துவிடும்). சில வாரங்களில் பாக்டீரியா சதையைத் தின்றுவிடும், லிக்னின் ஏறிய நரம்பைத் தொடாது. நாற்றம் வரும், அதனால் மொட்டை மாடி உத்தமம். பொறுமை இல்லாதவர்கள் சலவை சோடா கரைத்த தண்ணீரில் எவர்சில்வர் பாத்திரத்தில் மெல்லிய தீயில் ஒன்றிரண்டு மணி நேரம் வேக வைக்கலாம், அலுமினியப் பாத்திரம் கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்காதீர்கள். வெந்ததும் ஒரு தட்டில் தண்ணீர் விட்டு இலையை அதில் பரப்பி, மிருதுவான பழைய பல் துலக்கும் பிரஷால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கி மெதுவாகத் தட்டித் தட்டி எடுங்கள். தேய்த்தால் கிழியும். காய்ந்ததும் பத்து மடங்கு லென்ஸில் மிகச் சிறிய கண்ணி ஒன்றுக்குள் பார்த்தால், எதோடும் சேராமல் நடுவில் வந்து முடிந்துபோகும் ஒரு குட்டி நரம்பு தெரியும், அங்கிருந்துதான் தண்ணீர் செல்லுக்குக் கைமாறுகிறது. அரசில் கை பழகிய பிறகு பலாவையும் மாவையும் முயலலாம். வாழையும் புல்லும் இதற்கு வேண்டாம், குறுக்கு நரம்பு மெல்லியது என்பதால் பிரஷ் பட்டதும் தனித்தனி நாராகப் பிரிந்து வந்துவிடும்.